மாப்பிள்ளையின் விபத்து வழக்கு: வருமானத்தை நிரூபித்த கதை

தங்கச்சி வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். வயது 38. நாமக்கல் பக்கம் பைக்கில் போனவரை லாரி இடித்து, அங்கேயே போய்விட்டார். போலீஸ் போட்ட எஃப்ஐஆர் பாரதிய நியாய சன்ஹிதா 106ஆவது பிரிவில்: அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தது. அந்த வழக்கை அரசு நடத்தும், டிரைவருக்குத் தண்டனை வாங்கித் தர. குடும்பத்துக்கு இழப்பீடு வேண்டுமென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 166ஆவது பிரிவில் தனியாக மனு போட வேண்டும். இது தெரியாமல், கிரிமினல் கேஸ் முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் நிறைய பேர். மனுவுக்கு ஆறு மாதக் கெடு இருக்கிறது என்று காரியம் முடிந்த கையோடு வக்கீல் எங்களை அவசரப்படுத்தினார். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றும் இல்லை. தங்கச்சி குடியிருக்கும் ஈரோட்டிலேயே போட்டோம்.

எஃப்ஐஆர், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் அலைந்தால் கிடைத்துவிடும். பாடாய்ப் படுத்தியது வருமானம்தான். போன உயிருக்குக் கோர்ட் விலை போடுவதில்லை, அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த பணம் நின்றுபோனதைத்தான் கணக்குப் பார்க்கிறது. மாதச் சம்பளக்காரர் என்றால் ஒரு சிலிப் போதும். இவருக்குக் கூலியில் பாதி ரொக்கமாகத்தான் வரும். வயர்மேன் லைசென்ஸ், ஜிபே வரவுகள், ஹார்டுவேர் கடை பில்கள் எல்லாவற்றையும் திரட்டினோம். அவர் வயரிங் செய்த வீட்டுக்காரர் ஒருவர் சாட்சி சொல்ல வந்தார், புண்ணியவான்.

இழப்பீடு கொடுக்க வேண்டிய லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல், மாப்பிள்ளை ஹெல்மெட் போடவில்லை என்றார், இவ்வளவு சம்பாதித்தவர் வருமான வரி கட்டினாரா என்று தங்கச்சியையே கேட்டார். கூண்டில் நின்று அவள் அழுதது எனக்கு இன்னும் ஆறவில்லை. நேரில் பார்த்த டீக்கடைக்காரர் ஹெல்மெட் இருந்ததாக உறுதியாகச் சொன்னதால் அந்த வாதம் எடுபடவில்லை.

நாங்கள் கேட்டது மாதம் 25,000. மனுவை விசாரித்த விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஏற்றது 15,000. என்னைக் கேட்டால் குறைச்சல்தான். அப்புறம் கணக்கு 2009 சரளா வர்மா, 2017 பிரணய் சேத்தி என்ற இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின்படி போனது. 40 வயதுக்குள் சொந்தத் தொழில் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி 21,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என நாலு பேர் நம்பியிருந்ததால் அவர் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 15,750. ஆண்டுக்கு 1,89,000. இதை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு வயதுவாரியாக ஒரு பெருக்கெண் உண்டு, அவர் வயதுக்கு அது 15. ஆக 28,35,000 ரூபாய். இதற்குமேல் கணவனை, அப்பாவை, மகனை இழந்ததற்கென்று ஆளுக்கு ஒரு தொகை, ஈமச் செலவு, வட்டி.

பிள்ளைகளின் பங்கு 18 வயதுவரை வங்கியில் டெபாசிட்டாக இருக்கும். வட்டியைத் தங்கச்சி எடுத்துக்கொள்ளலாம். அசலில் கைவைக்க மறுபடியும் மனு போட வேண்டும். பெரியவனின் ஸ்கூல் ஃபீஸுக்காக இப்போது அப்படி ஒன்று போட்டிருக்கிறோம்.