பர்மாத் தாத்தாவின் ரிப்பன்

எங்கள் தெருவில் தாத்தாவைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'பர்மாக்காரர்' என்பார்கள். பேரப்பிள்ளைகளான எங்களுக்கு அவர் 'பர்மாத் தாத்தா'. பட்டாளத்தில் இருந்தார், பர்மாவில் ஜப்பான்காரனோடு சண்டை போட்டார் என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கூடத்தில் மாட்டியிருந்த அவர் போட்டோவின் பின்பக்கம் 'பர்மா, 1943' என்று அப்பா பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

அப்பா தவறிய வருஷம் பரணை ஒழித்தபோது ஒரு பவுடர் டப்பா கிடைத்தது. உள்ளே ஒரு தகரப் பட்டையில் தைத்த மூன்று துண்டு ரிப்பன், கூடவே பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் புக், கரையான் அரித்தது. மெடல் எதுவும் இல்லை. விற்றாரா, வாங்காமலே விட்டாரா, சொல்ல ஆள் இல்லை.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் 27 வருஷமாக வேலை பார்க்கிறேன். அரித்த காகிதமும் பழைய கையெழுத்தும் எனக்குப் புதிதல்ல. ஆனாலும் அந்தப் புத்தகத்தைப் பிரிக்கக் கை நடுங்கியது. வட ஆற்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகா என்பது வரை தெளிவாக இருந்தது. உயரம், அங்க அடையாளம், தகப்பன் பேர், 1941இல் சேர்ந்து 1946இல் வெளியே வந்தது எல்லாம் இருந்தன. எங்கெங்கே போனார் என்று எழுதியிருந்த பக்கத்தைத்தான் கரையான் தின்றிருந்தது. ஓரத்தில் மட்டும் '12 எஃப்.டி. கோய்' என்று ஆங்கிலச் சுருக்கம். அது '12ஆம் ஃபீல்டு கம்பெனி' என்று பிடிபட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையில் அது ஒரு பிரிவு. சாப்பர் என்றால் பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது என்று காலாட்படைக்கு வழி செய்து கொடுக்கிற ஆள்.

கதையை மாற்றியது அந்த ரிப்பன்தான். நிறம் மங்கியிருந்தாலும் வரிசை தெரிந்தது. முதல் துண்டு கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம். அது 1939-45 ஸ்டார் என்ற போர் மெடலுக்கு உரியது. இரண்டாவது மணல் நிறம், நடுவில் சிவப்பு, அதன் இரு பக்கமும் மெல்லிய நீலக் கோடுகள். அது ஆப்பிரிக்கா ஸ்டார். மூன்றாவது துண்டில் சிவப்பு, வெள்ளை, பச்சை, மறுபடி வெள்ளை, சிவப்பு. பர்மா ஸ்டார் ரிப்பன் இப்படி இருக்காது. அதில் நடுவில் அகலமான சிவப்பு, இரு ஓரமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஒரு ஆரஞ்சுக் கோடு இருக்கும். ஆரஞ்சைத் தேடி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. இருந்தது இத்தாலிக் கொடியின் நிறம். தாத்தாவுக்குக் கிடைத்தது இத்தாலி ஸ்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் செத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை பேரும் அவரை ஒரு தப்பான ஊர்ப் பேரால் கூப்பிட்டிருக்கிறோம்.

அப்புறம்தான் முறையாகத் தேட ஆரம்பித்தேன். இந்தியச் சிப்பாய்களின் தனிப்பட்ட ஆவணங்கள் அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸ் பொறுப்பில் இருந்தவை. எண், பேர், தகப்பன் பேர், எனக்கும் அவருக்கும் என்ன உறவு என்பதற்கு அத்தாட்சி, எல்லாம் வைத்து எழுதினேன். பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் ஆவணங்களை 25 வருஷம்தான் வைத்திருப்பார்கள், பிறகு விதிப்படி அழித்துவிடுவார்கள் என்று பதில் வந்தது. தாத்தா ஐந்து வருஷம்தான் இருந்தார். பென்ஷன் கிடையாது. நான் பிறப்பதற்கு முன்பே அவருடைய காகிதம் போய்விட்டது.

இன்னொரு சிக்கல், தாத்தா பேரில் ஒரு 'ழ' இருக்கிறது. டிஸ்சார்ஜ் புத்தகத்திலேயே ஒரு பக்கத்தில் அதற்கு 'எல்' போட்டிருக்கிறது, இன்னொரு பக்கத்தில் 'இசட் ஹெச்'. முதல் எழுத்தும் ஒரு இடத்தில் 'ஈ', ஒரு இடத்தில் 'ஒய்'. எழுதிய கிளார்க்கின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் பேரை நம்பித் தேடாதீர்கள். முதலில் பட்டாள எண்ணைத் தேடுங்கள். அது மாறாது.

ஆள் பேரில் கிடைக்காதது கம்பெனி பேரில் கிடைத்தது. போரில் ஒவ்வொரு பிரிவும் தினசரி ஒரு டைரி எழுதியிருக்கிறது. இடம், தேதி, நேரம், நடந்தது. வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் எழுதியவை லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே வாசகர் அட்டை இலவசம், சொந்தக் கேமராவில் படம் எடுக்கவும் காசு இல்லை. லண்டனில் படிக்கிற என் சிநேகிதியின் மகன் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து முந்நூறு பக்கத்துக்கு மேல் எடுத்து அனுப்பினான். அவன் நன்றாக இருக்க வேண்டும்.

முந்நூறு பக்கத்தில் தாத்தா பேர் ஒரு இடத்தில்கூட இல்லை. அதிகாரிகள் பேர் இருக்கிறது. நான் பார்த்த பக்கங்களில் சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கைதான். முதலில் கோபம் வந்தது. படிக்கப் படிக்க அது குறைந்தது. அந்தக் கம்பெனி எங்கே இருந்ததோ அங்கே அவரும் இருந்தார், அவ்வளவுதானே? 4ஆம் இந்திய டிவிஷன் என்ற பெரிய படையைச் சேர்ந்த கம்பெனி அது. சிவப்புக் கழுகுச் சின்னம் அணிந்த டிவிஷன். 1943 மே மாதம் துனிசியாவில் ஜெர்மானியத் தளபதி ஆர்னிம் சரணடைந்தது இந்த டிவிஷனிடம். அந்த வருஷக் கடைசியில் இத்தாலிக்குக் கப்பலேறி, 1944 பிப்ரவரியில் மோன்டே கசீனோ மலைக்கு வந்தார்கள். மலை உச்சியிலிருந்த மடாலயத்தை பிப்ரவரி 15ஆம் தேதி நேச நாட்டு விமானங்கள் தரைமட்டமாக்கின. கீழே மழை, சேறு, குளிர். ஆட்டுப் பாதை மாதிரி இருந்த தடத்தை இந்தியச் சாப்பர்களும் நியூசிலாந்து எஞ்சினியர்களும் வெட்டி அகலப்படுத்தி, முதலில் ஜீப் போகவும் பிறகு டாங்க் ஏறவும் பாதை ஆக்கினார்கள். கேவன்டிஷ் ரோடு என்று அதற்குப் பேர். சாதாரணமாகப் 'பாதை வேலை' என்று டைரியில் வருகிற இடங்களில் எல்லாம் நான் நின்று நின்று படித்தேன்.

இதே டிவிஷனின் 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனியில், அதே மதராஸ் சாப்பர்ஸில் இருந்தவர்தான் சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24 அன்று மின்யானோ அருகே கண்ணிவெடி தேடும்போது, கூட இருந்தவர்களைக் காப்பாற்ற வெடியின் மேல் தானே விழுந்து இறந்தார். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டனின் உயர்ந்த வீர விருதைக் கொடுத்தார்கள். செங்கல்பட்டுப் பக்கத்து மனிதர். தாத்தா அவரைப் பார்த்திருப்பாரா என்று நினைத்துக்கொள்வேன்.

சாப்பர்கள் துண்டு துண்டாகக் கோத்துக் கட்டிய பெய்லி பாலத்தைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது. பத்தடி நீளம், ஐந்தடி உயரத்தில் இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றும் சுமார் 260 கிலோ. கிரேன் வேண்டாம், ஒரு சட்டத்தை ஆறு பேர் தூக்க வேண்டும், அதுதான் கணக்கு. எங்கள் வீட்டில் கனமான எதை நகர்த்தினாலும், நாலு பேர் போதும் என்றாலும், தாத்தா ஆறு பேர் வந்தால்தான் கை வைக்க விடுவார். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று நிற்க வைப்பார். பீரோ, உரல், கல் தூண் எதுவானாலும் ஆறு பேர். எட்டு வயதில் நானே பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காட்பாடியில் இருக்கும் பெரிய அத்தையிடம் போனேன். 78 வயது. போனில் அந்த மலைப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, "அத்தை, தாத்தா பர்மாவுக்குப் போகவே இல்லை, இத்தாலிக்குப் போயிருக்காரு" என்றேன். நம்ப மாட்டாள் என்று நினைத்தேன். ரங்கூன் 1942இல் விழுந்து ஜனங்கள் நடந்தே திரும்பி வந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். அவள் காலத்து ஊருக்கு, சண்டை என்றாலே பர்மாதான்.

அத்தை ரொம்ப நேரம் படத்தையே பார்த்தாள்.

"ஒரு தடவை சொன்னாருடி. முழங்கால் வரைக்கும் பனி, அதுல நின்னு மண்ணு வெட்டினோம்னு. உங்கப்பனுக்கு அப்ப ஒம்பது வயசு இருக்கும். 'பர்மாவுல பனியே பெய்யாதுன்னு வாத்தியார் சொன்னாரே'ன்னான். நாங்கெல்லாம் சிரிச்சோம். அவரு 'அப்படியா, சரி'ன்னுட்டு எழுந்து கொல்லைக்குப் போயிட்டாரு."

"பர்மா இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே அத்தை?"

"வந்த புதுசுல யாரு கேட்டாலும் 'பர்மாவா?'ன்னுதான் கேப்பாங்க. 'அந்தப் பக்கந்தான்'னு சொல்லிடுவாரு. இத்தாலின்னா எங்களுக்கு என்னா தெரியும்?"

கிளம்பும்போது போட்டோவைக் கேட்டாள். கொடுத்தேன். திருப்பி, அப்பாவின் பென்சில் எழுத்தை விரலால் தடவினாள். அழிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவன் எழுதினது இருக்கட்டும், கீழே நீ எழுது என்றாள்.