மெஷின் கணக்கு எழுதிய கமெண்ட்டுகள்

ஏபிஐ வழியாக, அதாவது ஒரு ஆப்பை நம் புரோகிராமிலிருந்தே இயக்கும் வழியில், ஒரு கமெண்ட்டை அழிப்பது ஒரு வரி வேலை. அந்த வரிக்கு எந்தக் கமெண்ட்டின் எண்ணைக் கொடுப்பது என்று முடிவு செய்வதில்தான் பொழுதெல்லாம் போகிறது.

கோத்தகிரியில் வீட்டிலிருந்தே சின்னச் சின்ன சாஃப்ட்வேர் வேலைகள் செய்து கொடுக்கிறேன். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் போடும் ஒரு ஃபேக்டரியிலிருந்து கூப்பிட்டார்கள். ரிப்பேர் வேலைகளை ஆசனா என்ற வேலைப்பட்டியல் ஆப்பில் போட்டு வைத்திருக்கிறார்கள். டிரையருக்கு ஒரு டாஸ்க், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி மெஷினுக்கு ஒன்று, இலை வாட்டும் இடத்து ஃபேன்களுக்கு ஒன்று. டிரையரில் சென்சார் வைத்து, உஷ்ணம் இறங்கினால் அந்த டாஸ்க்கின் கீழே தானாகவே கமெண்ட் விழும்படி யாரோ செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கோத்தகிரிக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில் வரும். அந்த மாதங்களில் கம்பி மேல் மரம் விழுவதும், கரண்ட் போய்ப் போய் வருவதும் சகஜம். கரண்ட் போனால் ஒரு கமெண்ட், ஜெனரேட்டர் ஓடினால் ஒரு கமெண்ட், மறுபடி கரண்ட் வந்தால் இன்னொன்று.

"தம்பி, நான் எழுதினது எங்கயோ அடியில கெடக்குது. மெஷின் எழுதினதுதான் மேல நிக்குது" என்றார் ஃபிட்டர் அண்ணன். பேரிங் மாற்றிய தேதியைத் தேடி அவர் போனைத் தள்ளிக்கொண்டே இருந்ததை நானே பார்த்தேன்.

மெஷின் எழுதியதை அழிக்கச் சொல்லி மேனேஜர் சார் தன் டோக்கனைக் கொடுத்தார். டோக்கன் என்பது அவர் கணக்குக்குள் புரோகிராமை விடும் சாவி. அதை வைத்து அழிக்கப் போனால் 403, அதாவது 'அனுமதி இல்லை', என்று வந்தது. ஆசனாவின் ஏபிஐயில் கமெண்ட்டை எழுதியவர்தான் அழிக்க முடியும். மேனேஜராக இருந்தாலும் அடுத்தவர் எழுதியதில் கை வைக்க முடியாது. அதனால் சென்சாருக்கென்று போட்டிருந்த மெஷின் கணக்கின் பாஸ்வேர்டைத் தேடிப் பிடித்து, அதிலேயே ஒரு டோக்கன் எடுக்க வேண்டியிருந்தது. இது ஒரு வகையில் எனக்கு நிம்மதி. அந்த டோக்கனை வைத்துக்கொண்டு நான் தலைகீழாக நின்றாலும் அண்ணன் எழுதிய ஒரு எழுத்தைக்கூட அழிக்க முடியாது.

இதுவே ஜிரா என்ற இன்னொரு வேலைப்பட்டியல் ஆப்பாக இருந்தால் 'தன் கமெண்ட்டை அழிக்கலாம்', 'எல்லாருடையதையும் அழிக்கலாம்' என்று இரண்டு தனித்தனி அனுமதிகள் உண்டு. இரண்டாவது உள்ள டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போகும் லூப் ஓட்டுவதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். அழிந்தால் 204, அதாவது 'முடிந்தது', என்று பதில் வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. குப்பைத்தொட்டியும் கிடையாது. இதே மாதிரி ஆப்பான பேஸ்கேம்ப்பில் குப்பைக்குப் போய் 30 நாள் கிடக்கும், அதற்குள் மனம் மாறினால் எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான். ட்ரெல்லோ என்ற ஆப்பில் கார்டில் (அங்கே டாஸ்க்குக்கு அதுதான் பெயர்) நடக்கும் எல்லாமே 'ஆக்‌ஷன்' என்ற ஒரே கணக்கில் வரும், ஆனால் கமெண்ட்டை மட்டும்தான் அழிக்க விடுவார்கள்.

சரி, ஆசனாவுக்கு வருகிறேன். ஒரு டாஸ்க்கின் கீழே உள்ளதையெல்லாம் கேட்டால் கமெண்ட்டோடு சேர்த்து 'இன்னார் தேதியை மாற்றினார்' மாதிரி சிஸ்டம் வரிகளும் கலந்து வரும். வகை, எழுதியவர் இரண்டையும் பார்த்துச் சலிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 100 தான் வரும். பக்கம் பக்கமாக வாங்கிக்கொண்டே அழிப்பதை நான் செய்வதில்லை. இத்தனையாவதிலிருந்து கொடு என்று எண்ணிக்கையை வைத்துப் பக்கம் பிரிக்கும் ஏபிஐகளில் நடுவே சிலதை அழித்தால் வரிசை மேலேறிவிடும், அடுத்த பக்கத்தில் வர வேண்டியவை தப்பிவிடும். முதலில் எல்லாவற்றையும் ஃபைலில் இறக்கிவிட வேண்டும்: எண், எழுதியவர், நேரம், வாசகம். அழித்த பிறகு வேண்டும் என்று திரும்பப் போட்டாலும் இன்றைய தேதியில்தான் ஏறும். ரிப்பேர் பதிவில் தேதி போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

அந்த ஃபைலை பிரின்ட் எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனேன். அழிக்கப்போகும் பட்டியல் இதுதான், பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிரையர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். விரலில் இருந்த தேயிலைத் தூசி தாளில் வரி வரியாக ஒட்டியது. பாதிக்கு மேல் ஒன்றும் சொல்லாமல் தள்ளினார். அதிகாலை நேரத்து எச்சரிக்கைகள் வரிசையாக வந்த இடத்தில் நிறுத்தி பென்சிலால் கோடு போட்டார். "இதெல்லாம் கரண்ட் இல்ல தம்பி. ஈர விறகு. அடுப்பு ஏறவே இல்ல. இத வெச்சுக்கோ, விறகுக்காரர்கிட்ட காட்டணும்." இன்னோரிடத்தில் மெஷின் எழுதியதற்குக் கீழே அவர் 'இது நிஜம், பெல்ட் போச்சு' என்று எழுதியிருந்தார். மேலே உள்ளதை எடுத்துவிட்டால் எது நிஜம் என்று யாருக்குப் புரியும்? மனிதர் எழுதிய எந்தக் கமெண்ட்டுக்கும் நேர் மேலே உள்ள மெஷின் கமெண்ட்டைத் தொடக்கூடாது என்று அழிக்கும் ஸ்கிரிப்டில், அதாவது அந்தச் சின்ன புரோகிராமில், ஒரு விதி சேர்த்தேன். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த இரண்டுமே எனக்குத் தோன்றியிருக்காது.

ஓட்டும்போது வேகத்தில் கவனம் வேண்டும். ஆசனாவின் இலவசக் கணக்கில் நிமிடத்துக்கு 150 கோரிக்கைகள்தான், காசு கட்டினால் 1500. தாண்டினால் 429, அதாவது 'கோரிக்கை அதிகம்', என்று வரும், எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்ற எண்ணும் கூடவே வரும். அதை மதித்துக் காத்திருந்தால் போதும்.

மலையில் இதைவிடப் பெரிய தொல்லை, நெட் பாதியில் அறுந்து போவது. கோரிக்கை போய்விட்டது, பதில் வரவில்லை. அழிந்ததா இல்லையா? அழிக்கும் கோரிக்கையில் ஒரு சௌகரியம், அதையே மறுபடி அனுப்பினாலும் கெடுதல் இல்லை. முன்பே அழிந்திருந்தால் 404, அதாவது 'அப்படி ஒன்று இல்லை', என்று வரும். பட்டியலில் உள்ள எண்ணுக்கு 404 வந்தால் என் ஸ்கிரிப்ட் அதை முடிந்த கணக்கில் எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போகும். 401 வந்தால் மட்டும் அப்படியே நின்றுவிடும், ஏனென்றால் அது டோக்கன் பிரச்சினை. புதுக் கமெண்ட் போடும் ஸ்கிரிப்டாக இருந்து இப்படி மறுபடி அனுப்பியிருந்தால் ஒரே வாசகம் இரண்டிரண்டாக விழுந்திருக்கும். அந்த சென்சார் ஸ்கிரிப்டும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது என்பது பட்டியலிலேயே தெரிந்தது.

அதனால் அதையும் மாற்றிக் கொடுத்தேன். இப்போது ஒவ்வொரு நாளுக்கும் மெஷின் கணக்கு ஒரே ஒரு கமெண்ட் போடுகிறது. அடுத்தடுத்து உஷ்ணம் இறங்கினால் அதையே திருத்தி நேரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. தான் எழுதிய கமெண்ட்டைத் திருத்த ஆசனா ஏபிஐ அனுமதிக்கிறது.

பழைய எச்சரிக்கைகளுக்காக அன்றைக்கே போன ஈமெயில்கள் மட்டும் மேனேஜர் சாரின் இன்பாக்ஸில் அப்படியே இருக்கின்றன. ஆசனாவில் அழித்தால் அதுவும் போய்விடும் என்று நினைத்திருந்தாராம். அது வேற வேலை சார், அதுக்கு வேற ரேட் என்று சொல்லியிருக்கிறேன்.