மகளுக்கு ஸ்கேன் வேண்டுமா?

ஜூலை 10, வியாழன்

வகுப்பு டீச்சர் வரச் சொல்லியிருந்தார். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். சேட்டை கிடையாது, எதிர்த்துப் பேச மாட்டாள், ஜன்னலோர பெஞ்சில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பாள். டீச்சர் கணக்கு நோட்டைப் பிரித்துக் காட்டினார். முதல் இரண்டு வரி சரி, மூன்றாவது வரியில் கழித்தல் குறி கூட்டலாகிவிட்டது. அடுத்த கணக்கில் கேள்வியே பாதியில் நிற்கிறது, அதற்குக் கீழே அடுத்த கேள்வி. "தெரியாம இல்லைங்கம்மா. முடிக்க மாட்டேங்கிறா. ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்களேன்" என்றார்.

நல்ல டீச்சர். ஓடி ஆடி வகுப்பைக் கலைக்கும் பையன்கள்மேல்தான் எல்லார் கண்ணும் போகும். அமைதியாக இருந்துகொண்டே பாடத்தைத் தவறவிடும் பெண் பிள்ளைகளைக் கவனிக்க ஆள் இருக்காது.

ஜூலை 12, சனி

அண்ணா நகரில் மனநல மருத்துவரைப் பார்த்தோம். ரொம்ப நேரம் பேசினார். சின்ன வகுப்பு ரிப்போர்ட் கார்டு இருக்கிறதா என்று கேட்டார். ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமலோ துறுதுறுப்பு அடங்காமலோ இருக்கும் பிரச்சினை) என்று முடிவுசெய்ய, அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டுமாம். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், பள்ளியில் மட்டும் என்றில்லாமல் வீட்டிலும் இருக்க வேண்டும். தூக்கம், கண் பார்வை, காது, மனச்சோர்வு என்று மற்றதையும் விசாரித்தார். ரத்தசோகையும் தைராய்டும் பார்க்க எழுதிக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர்தான் கேட்டார்: "மூளைக்கு ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோமா டாக்டர்?" வலிப்பு, தலையில் அடி மாதிரி ஏதாவது இருந்தால் எடுக்கலாம், இதற்குத் தேவையில்லை என்றார் டாக்டர். பைக்கில் திரும்பும்போது இவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

உசிலம்பட்டியிலிருந்து மாமாவின் போன். "மூளையில என்னன்னு படம் புடிச்சுப் பாக்காம எப்படித்தா மருந்து குடுப்பாக?" நியாயமான கேள்வி. ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். 2007-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வில் இந்தப் பிரச்சினை உள்ள 223 பிள்ளைகள், இல்லாத 223 பிள்ளைகள். மூளையின் மேலடுக்கு குறிப்பிட்ட வயதுவரை தடித்து, அப்புறம் மெல்ல மெலியும். அதில் பாதி இடங்கள் அந்த உச்சத்தைத் தொடும் வயது மற்றவர்களுக்கு ஏழரை, இவர்களுக்குப் பத்தரை. அதிகம் பின்தங்கியது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்பகுதி. திட்டமிடுவது, கவனத்தைப் பிடித்து நிறுத்துவது எல்லாம் அதன் வேலை. கை காலை அசைக்கும் பகுதி மட்டும் கொஞ்சம் முந்தியே வளர்ந்திருந்தது. அதாவது மூளை வளரும் வரிசை அதேதான், நேரம்தான் தள்ளிப்போகிறது.

2017-ல் இன்னும் பெரிய ஆய்வு: 23 இடங்களில் எடுத்த ஸ்கேன்கள், ஏ.டி.எச்.டி. உள்ள 1,713 பேர் ஒரு பக்கம், இல்லாத 1,529 பேர் மறுபக்கம். மூளையின் உள்ளே இருக்கும் சில பகுதிகள் ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குச் சராசரியில் சிறியவை. வித்தியாசம் பிள்ளைகளிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அதுவும் மிகச் சிறியது.

இதை மாமாவுக்கு இப்படிச் சொன்னேன். மேலூர்க்காரர்கள் உசிலம்பட்டிக்காரர்களைவிடச் சராசரியாகக் கால் அங்குலம் குள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஒருத்தரை அளந்து, இவர் இந்த ஊர் என்று சொல்லிவிட முடியுமா? ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் தெரிவது ஒரு பிள்ளையின் படத்தில் தெரியாது. படம் சுத்தமாக இருந்தால் "ஒண்ணுமில்ல, சோம்பேறித்தனம்" என்று முடித்துவிடுவார்கள். என் பயமே அதுதான்.

ஜூலை 16, புதன்

ரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

காலை ஐந்தரை மணி கணக்கு டியூஷனை நிறுத்திவிட்டோம். பதின்வயதில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் ராத்திரி தாமதமாகத்தான் சுரக்கும். பதினொன்றுக்குத் தூங்கும் பிள்ளையை ஐந்துக்கு எழுப்பினால் நல்லா இருக்கிற பிள்ளைக்கே கவனம் நிற்காது. இந்த ஊரில் விடியற்காலை டியூஷனைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வருகிறது.

வீட்டில் ஒரு கணக்கை மட்டும் விட்டு மீதியை வெள்ளைத்தாளால் மூடி வைக்கிறாள். முடித்ததும் எழுந்து ஒரு நடை, அப்புறம் அடுத்தது. போன் வேறு அறையில். குறிகளைச் சிவப்புப் பேனாவில் எழுதுவது அவளே கண்டுபிடித்த வழி.

ஜூலை 26, சனி

இது ஏ.டி.எச்.டி.தான், கவனக்குறைவு வகை என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். மெத்தில்பெனிடேட் மாத்திரை, குறைந்த அளவில். மூளை நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமைன், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்களை நரம்பு இணைப்புகளில் சீக்கிரம் திரும்ப உறிஞ்சப்படாமல் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்க வைக்கும். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப் போகலாம்.

மகள் டாக்டரிடம் நேராகவே கேட்டாள்: "என் மூளை சின்னதா சார்?" அவர் சிரிக்கவில்லை. "உன் மூளையை நான் அளக்கலைம்மா. அளந்தாலும் அதை வச்சு உன்னைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. உன் நோட்டும் நீ சொன்னதும்தான் தெரியும். முன்மூளை இருபத்தஞ்சு வயசு வரைக்கும் முதிர்ந்துகிட்டே இருக்கும், எல்லாருக்கும்" என்றார். என் வீட்டுக்காரர் ஸ்கேன் பேச்சை எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை இட்லிக்கு அப்புறம் முதல் மாத்திரை. எடையைக் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் எடையும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்களாம். டீச்சர் நிரப்ப டாக்டர் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார், அதை மகளே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்கிறாள்.