சித்தி ஏற்றும் மெழுகுதிரி

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் கன்னியாகுமரிக் கடலில் சீறியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்த பலர் திரும்பவே இல்லை. என் சித்தப்பாவும் அவர்களில் ஒருவர். உடல் கிடைக்காததால் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கென்று ஓர் இடமில்லை; கல்லறைத் திருநாளன்று சித்தி மெழுகுதிரியைக் கடற்கரையில் உள்ள சிறு சிலுவைக் கோவிலான குருசடியில்தான் ஏற்றுகிறார்.

கிறிஸ்து பிறப்புக்காகத் தயாரிக்கும் திருவருகைக்காலம் தொடங்க மூன்று நாள்களே இருந்த வேளை அது. 2004இல் சுனாமியும் கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள்தான் குளச்சலையும் மணக்குடியையும் தாக்கியது. "எல்லாம் இறைவனின் சித்தம்" என்று ஆறுதல் சொல்ல வந்தவர்கள்மீது எனக்கு உண்மையில் கோபமே வந்தது. இன்றும் அந்தச் சொல்லை நான் இழவு வீட்டில் சொல்வதில்லை.

சென்ற வாரம் ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குச் சென்றிருந்தேன். 1752 ஜனவரி 14 அன்று கிறிஸ்தவத்தைத் தழுவிய புனித தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. திருமுழுக்கில் அவர் பெற்ற பெயர் இலாசர். அதன் தமிழாக்கமே தேவசகாயம். விவிலியத்தில், இறந்துபோன தம் நண்பர் இலாசரை உயிர்ப்பிக்கப் போவதை அறிந்திருந்தும் இயேசு கல்லறைக்குச் செல்லும் வழியில் கண்ணீர் விட்டார் என்பதும், எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்ட தேவசகாயத்தைக் குண்டிலிருந்து எந்த அற்புதமும் காக்கவில்லை என்பதும் அந்தப் பாறைகளுக்கு நடுவே ஒன்றாக நினைவுக்கு வந்தன. துன்பத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிராமல், அதற்குள்ளேயே வந்து அழுது, சிலுவையில் இறந்து, உயிர்த்தெழுந்தவர்மீதுதான் என் நம்பிக்கை நிற்கிறது.

சித்தி இதையெல்லாம் பேசுவதில்லை. மாலை மணி அடித்ததும் செபமாலையை எடுக்கிறார்; கடலுக்குச் சென்றிருப்பவர்களுக்காகச் செபிக்கும் இடத்தில் சித்தப்பாவின் பெயரை இன்னும் சேர்த்தே சொல்கிறார். நான் திருத்துவதில்லை.