கடைத்தெருவை மூடினால் வண்டிகள் எங்கே போகும்?

கடைத்தெருவில் வண்டிகளுக்குத் தடை போட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து கண்விழித்தேன். நான் குடியிருப்பது அடுத்த தெருவில். சரக்கு வண்டி ஒன்று திரும்ப இடமில்லாமல் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அதற்கு வழிவிட முடியாமல் ஏழெட்டுக் கார்கள். எதிர்வீட்டுப் பாட்டி ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி வாசல்படியிலேயே நின்றிருந்தார். தெருவைக் கடக்க அவருக்கு இடைவெளியே கிடைக்கவில்லை.

"அங்கே இருந்ததை அள்ளி இங்கே கொட்டிவிட்டார்கள்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பினேன். அது பாதிதான் உண்மை என்று அப்புறம்தான் தெரிந்தது.

குழாயை ஒரு பக்கம் அடைத்தால் தண்ணீர் இன்னொரு பக்கம் பீறிடும் என்ற கணக்கில் நான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் வண்டியை ஓட்டுவது மனுஷர்கள். சிலர் நேரத்தை மாற்றிக்கொள்கிறார்கள், சிலர் நடந்தே வந்துவிடுகிறார்கள், மூன்று தடவை வந்து பார்த்த வேலையைச் சிலர் ஒரே தடவையில் முடிக்கிறார்கள். கடைத்தெருவைக் குறுக்குவழியாக மட்டுமே வைத்திருந்தவர்கள் வெளிச்சாலையோடு போய்விடுகிறார்கள். சாலி கேர்ன்ஸ், ஸ்டீபன் அட்கின்ஸ், ஃபில் குட்வின் மூவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், வண்டிகளுக்கான இடத்தைக் குறைத்த 70-க்கும் மேற்பட்ட இடங்களை 11 நாடுகளிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். பாதி இடங்களில், மாற்றுப்பாதைகளையும் சேர்த்து எண்ணியபோதே, 11 விழுக்காட்டுக்கும் மேல் வண்டிகள் குறைந்திருந்தன. குறையாத இடங்களும் அதில் உண்டு.

சரி, மொத்தத்தில் குறைகிறது. ஆனால் மிச்சமிருப்பது எந்தத் தெருவில் வந்து இறங்குகிறது? அந்தப் பாட்டிக்கு ஊர்ச் சராசரியால் ஒரு பயனும் இல்லை.

இதை ஒழுங்காக யோசித்துச் செய்த ஊர் என்று நான் சொல்வது பெல்ஜியத்தின் கெண்ட். 2017 ஏப்ரலில், நகர நடுவே கார் வராத பகுதியைப் பெரிதாக்கியபோது, அதைச் சுற்றியிருந்த இடத்தை ஆறு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் காரில் நேராகப் போக முடியாது. சுற்றுச்சாலைக்கு வந்துதான் மறுபடி உள்ளே நுழைய வேண்டும். நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் நேராகப் போகலாம். எந்தப் பக்கத்துத் தெருவும் குறுக்குவழியாகப் பயன்படாது, அதனால் அங்கே புகுந்து ஓட யாருக்கும் காரணமும் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு வருஷம் கழித்து நடுவில் மூன்று கம்பங்கள் நட்டார்கள். நுழைந்த வழியாகவேதான் கார் வெளியே வர முடியும். அன்று சாயங்காலமே சத்தம் அடங்கிவிட்டது. மூன்றே கம்பங்கள்! முதல் நாளே நட்டிருக்கலாம்.

இப்போது இன்னொரு தெருவையும் மூடப்போவதாகப் பேச்சு. மூடட்டும், நான் அதற்கு ஆதரவு. ஆனால் கூட்டத்துக்குப் போய் இரண்டு கேள்விகள் கேட்பேன்: பக்கத்துத் தெருக்களில் இன்றைக்கு எத்தனை வண்டிகள் போகின்றன என்று யாராவது எண்ணினார்களா? கம்பங்கள் எங்கே வரப்போகின்றன?