கடைமடைக் காட்டுக்கு வாய்க்கால் வெட்டிய அனுபவம்

அலையாத்திக் காட்டை மீட்கும் வேலையில் இருக்கிறேன் என்றால், எத்தனை கன்று நட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். முத்துப்பேட்டையில் எங்கள் கிராம வனக் குழுவோடு தொடக்கம் முதல் இந்த வேலையில் நின்றவன் என்ற முறையில், அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது? எப்படி வருகிறது, எப்படி வடிகிறது? இதைப் பார்க்காமல் நட்ட கன்றுகள் ஒரே கோடையில் கருகிப்போனதை எங்கள் பகுதியில் பலரும் கண்டிருக்கிறார்கள். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் நாங்கள் செய்ததை எழுதுகிறேன்.

கல்லணையில் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் மீண்டும் பிரிகிறது. அங்கிருந்து வரும் பாமணியாறும் கோரையாறும் வழியெல்லாம் வயல்களுக்குப் பாய்ந்துவிட்டு, மிஞ்சிய தண்ணீரோடும் வடிகால் நீரோடும் முத்துப்பேட்டைக் காயலில் வந்து சேர்கின்றன. வெளியூர்க்காரர்கள் லகூன் என்று படகில் பார்க்க வருவது இந்தக் காயலைத்தான். அதற்கு அப்பால் பாக் நீரிணை. காப்புக்காடு ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் என்றாலும் அதில் மரம் நிற்பது ஒரு பகுதியில் மட்டுமே. மீதி காயலும் சேற்றுத் திட்டும் உவர் வெளியும்தான். நிற்கும் மரங்களிலும் பெரும்பாலானவை வெண்கண்டல். தில்லையும் நரிக்கண்டலும் ஆங்காங்கே உண்டு.

அந்த உவர் வெளிகள் எப்படி வந்தன என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் வேலைக்கு ஒரு திசை கிடைத்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை இங்கே கூப்பு முறையில் மரம் வெட்டினார்கள். ஒரு பகுதியை மொத்தமாக வெட்டிவிட்டு, தானாக முளைத்துவரும் என்று விட்டுவிடுவது அந்த முறை. அலையாத்தியில் அது நடக்கவில்லை. நிழல் போனதும் சேற்றின் ஈரம் வெயிலில் வற்றியது, வேர்கள் மக்கின, தரை அமுங்கி நடுவில் தாம்பாளம் போலக் குழிந்தது. கடலில் பெரிய ஏற்றம் வரும்போது உள்ளே வரும் நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் செல்கிறது. ஆண்டுக்கு ஆண்டு உப்பு ஏறிய அந்த மண்ணில் எந்த விதை விழுந்தும் பயனில்லை.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் வனத்துறையோடு சேர்ந்து பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் கண்டு சொன்ன காரணம் இது. அதற்கு முன்பெல்லாம் ஆடுமாடு மேய்வதும் மக்கள் விறகு வெட்டுவதும்தான் காடு அழிந்ததற்குக் காரணம் என்று பழி முழுவதும் கிராமங்கள் மேல் விழுந்துகொண்டிருந்தது. தீர்வாக அவர்கள் வகுத்தது மீன்முள் வடிவ வாய்க்கால். காயலிலிருந்து அல்லது ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால் உள்ளே போகும். அதன் இருபுறமும் சுமார் 45 பாகைச் சாய்வில் கிளை வாய்க்கால்கள் பிரியும். சாய்வாகப் பிரிவதால் தண்ணீர் எளிதாக ஏறி இறங்குகிறது, சந்திப்பில் வண்டல் படிவதும் குறைகிறது. பிச்சாவரத்தில் அப்படி மீட்ட பகுதிகளைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் முள் வரிசை இன்றும் தெளிவாகத் தெரியும்.

முத்துப்பேட்டை மீனவர்களுக்கு வாய்க்கால் புதிதல்ல. காயலிலிருந்து உவர் வெளிக்குள் வாய்க்கால் வெட்டி, ஏற்றத்தில் உள்ளே வரும் மீனையும் இறாலையும் பிடிப்பது இங்கே பழைய வழக்கம். அந்த வாய்க்கால்களின் இரு கரையிலும் மட்டும் வெண்கண்டல் வரிசையாக வளர்ந்து நிற்கும். "தம்பி, தண்ணீர் ஏறி இறங்குகிற இடத்தில் நீ நடாவிட்டாலும் கண்டா வரும்" என்று வெண்கண்டலைப் பற்றிப் பெரியவர் ஒருவர் சொன்னார். எங்கள் திட்டம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது என்றே சொல்வேன்.

நாங்கள் தொடங்கியது கஜாவுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அந்தப் புயல் கரையைக் கடந்தபோது காட்டில் பெரும் பகுதி முறிந்தும் இலையிழந்தும் போனது. உதவ வந்தவர்கள் பலரும் கன்றோடு வந்தார்கள். அவர்கள் அன்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முறிந்த வெண்கண்டல் மரம் பல நேரங்களில் அடிமரத்திலிருந்தே துளிர்க்கும், அதை அப்புறப்படுத்தாமல் விட்டுவிடுவதே நல்லது என்பதையும், பள்ளமான உவர் வெளிக்குக் கன்றைவிட வடிகால்தான் முதல் தேவை என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நிதி தந்த ஒரு தரப்பின் படிவத்தில் கன்று எண்ணிக்கைக்கு இடம் இருந்தது, வாய்க்கால் நீளத்துக்கு இடம் இல்லை. அந்தப் படிவத்தை மாற்றச் சொல்லி நடந்த கடிதப் போக்குவரத்தே ஒரு பருவத்தை விழுங்கிவிட்டது.

அனுமதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காப்புக்காட்டுக்குள் நம் விருப்பப்படி ஒரு கூடை மண்ணும் எடுக்க முடியாது. எல்லாம் வனச்சரக அலுவலகம் வழியாகத்தான் நடக்கும். குழுவின் தீர்மானம், இடத்தின் வரைபடம், ஆள்கூலி மதிப்பீடு மூன்றையும் தை மாதமே கொடுத்துவிடுங்கள். ஏப்ரலில் நிதியாண்டு தொடங்குகிறது, மண் வெட்டும் பருவமும் அப்போதுதான். வனக்காவலரை முதல் நாளிலிருந்து கூடவே அழைத்துச் செல்லுங்கள். எங்களோடு சேற்றில் இறங்கி நடந்த வனக்காவலர்தான் பிறகு எல்லா அலுவலகங்களிலும் எங்களுக்காகப் பேசினார்.

மட்டம் பார்ப்பதற்குத்தான் நாங்கள் அதிகக் காலம் எடுத்துக்கொண்டோம். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. சுந்தரவனம் போன்ற இடங்களில் தண்ணீர் பல மீட்டர் ஏறி இறங்குவதால் சிறு பிழைகள் அடிபட்டுப் போகும். இங்கே ஒரு சாண் உயரம் தவறினால் வாய்க்கால் குட்டையாகிவிடும். அளவு குறித்த மூங்கில் கழிகளைக் காயல் விளிம்பு தொடங்கிப் பள்ளத்தின் நடுவரை ஊன்றினோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்திலும், அஷ்டமியை ஒட்டிய தணிந்த நாட்களிலும் அளவு எடுத்தோம். கழிக்குக் கழி மட்டம் பிடிக்கக் கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயே போதுமானதாக இருந்தது.

ஒரு பருவத்தில் எடுத்த அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் கரையோரம் கடல் மட்டமே உயர்ந்து நிற்கும், கோடையில் தாழும். மழைக்கால அளவை மட்டும் நம்பி வெட்டிய வாய்க்காலுக்குள் பங்குனி, சித்திரையில் தண்ணீரே ஏறாது. உப்பு மிகவும் கடுமையாக இருப்பதும், தண்ணீர் மிகவும் தேவைப்படுவதும் அந்த மாதங்களில்தான். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். சித்திரையில் எங்கள் பள்ளத்து நீரைக் கருவியில் பார்த்தபோது ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு காட்டியது. ஆகவே கோடையின் தாழ்ந்த ஏற்றமும் எட்டிப் பார்க்கும்படி வாய்க்காலின் வாய்முகத்தை அமைத்தோம்.

வெட்டும் வேலை பங்குனியில் தொடங்கியது. விடியலில் படகேறி, குடிநீரையும் கஞ்சியையும் ஏற்றிக்கொண்டு போவோம். வெயில் உச்சிக்கு வருவதற்குள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும், அதற்கு மேல் அந்தத் திறந்த வெளியில் நிற்க முடியாது. கிளை வாய்க்கால்களை எல்லாம் கையாலேயே வெட்டினோம். வாய்க்கால் தூர்வாரிப் பழகிய ஆண்களும் பெண்களும் சரிவைக் கண்பார்வையிலேயே பிடித்தார்கள். பெரிய வாய்க்காலின் ஒரு பகுதியை மட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் பொக்லைனைக் கொண்டுவந்து, ஆழம் கூடினால் நல்லது என்று வாய்முகத்தைவிட உள்பகுதியைத் தாழ்வாகத் தோண்டிவிட்டார். வற்றத்தில் அந்த நீளம் முழுவதும் தண்ணீர் வடியாமல் கிடந்தது. மறுபடி மண்ணைத் தள்ளி மேடாக்கித்தான் சரிசெய்ய முடிந்தது. ஒப்பந்தம் எழுதும்போதே ஆழத்தோடு சரிவின் அளவையும் எழுதிவிடுங்கள்.

வெட்டிய மண்ணை எங்கே போடுவது என்பதும் முக்கியம். கரை நெடுக அணைபோல் குவித்தால் தண்ணீர் பக்கவாட்டில் பரவாது. அந்த மேட்டில் சீமைக் கருவேலமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். இடைவெளி விட்டு, தாழ்வாகப் பரப்பிப் போட்டோம்.

பிறகு முதல் மழைக்காலம். அப்போது விதை போடவில்லை. மழை நீரும் ஆற்று நீரும் ஏறி இறங்கி மண்ணின் உப்பைக் கழுவட்டும் என்று விட்டோம். அந்தக் காத்திருப்பைப் பார்வையிட வந்தவர்களுக்கு விளக்குவதுதான் கடினமாக இருந்தது. வெறும் சேற்றையும் வாய்க்காலையும் பார்த்துவிட்டு, வேலை எங்கே என்று கேட்டார்கள். ஆனால் சேற்றில் இறங்கியவர்களுக்கு மாற்றம் தெரிந்தது. கரைச்சரிவுகளில் உமரி என்ற உவர்ச்செடி படர்ந்தது. நண்டு வளைகள் தென்பட்டன. வளை தோண்டும் நண்டு மண்ணுக்குள் காற்றும் நீரும் போக வழி செய்கிறது. எனக்கு அந்த வளைகள் தந்த நம்பிக்கையை எந்த அறிக்கையும் தந்ததில்லை.

வெண்கண்டல் விதையைக் காய வைத்து மூட்டையில் கட்டிவைக்க முடியாது. அது தாய்மரத்திலேயே தோலுக்குள் முளைவிட்ட நிலையில்தான் விழுகிறது. நீர்பட்டதும் ஓரிரு நாளில் தோல் கழன்றுவிடும். அதனால் மரத்தடியிலும் நீரில் மிதப்பதிலும் நல்லதாகப் பொறுக்கி, தாமதிக்காமல் ஊன்றிவிட வேண்டும். பூச்சி துளைத்ததை ஒதுக்கிவிட வேண்டும். ஊன்றும் இடம் வாய்க்கால் சரிவின் நடுப்பகுதி. மேலே போனால் காய்ந்துவிடும், அடியில் வைத்தால் மூழ்கியே கிடந்து அழுகும். இந்த வேலையில் எங்கள் ஊர்ப் பெண்களின் கை வேகத்துக்கு வேறு யாரும் ஈடில்லை. நாற்று நட்டுப் பழகிய கைகள் அவை. நாங்கள் ஊன்றியவற்றோடு, வாய்க்கால் வழியாக மிதந்து வந்த விதைகளும் தாமாகவே கரையில் தங்கி முளைத்தன. சில கிளைகளில் எது எங்கள் கை வைத்தது, எது தண்ணீர் கொண்டுவந்தது என்று பிரித்தறிய முடியவில்லை. பெரியவர் சொன்னது அப்படியே நடந்தது.

மேய்ச்சலைப் பற்றியும் பேசியாக வேண்டும். இளம் வெண்கண்டல் இலையை ஆடும் மாடும் விரும்பித் தின்னும். வேலி போட்டால் தீரும் என்று சிலர் சொன்னார்கள். மாடு வைத்திருப்பவர்களைக் குழுவிலேயே சேர்த்தோம். எந்தப் பகுதியை எத்தனை காலம் விட்டுவைப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். அவர்களுக்கு மேய்ச்சல் நிலம் வேறு எங்கே மிச்சம் இருக்கிறது என்று கேட்காமல் காட்டுக்குள் வராதே என்று சொல்வது நியாயமில்லை. அந்தப் பேச்சு இன்னும் முழுதாக முடியவில்லை.

காட்டு வேலை நடக்கும்போதே ஆற்றுப் படுகைக்கும் போனோம். ஏற்றவற்றம் உப்பை ஓரளவுதான் கழுவும். முழுதாகக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது மரபு. திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் வழியில் எத்தனையோ அடைப்புகள். எங்கள் பக்கத்து வடிகால்களில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தன. காட்டாமணக்கை வெட்டி ஓரத்தில் போட்டால் அந்தத் துண்டே வேர்விட்டு வளரும். தண்ணீர் வருவதற்கு முன், வேரோடு பிடுங்கி, மேட்டில் போட்டு வெயிலில் காயவிட வேண்டும்.

சுத்தமான கரையைச் சும்மா விட்டால் அதே செடி திரும்ப வரும் என்பதால் மரம் வைத்தோம். உவர் ஏறும் கீழ்ப்பகுதியில் தாழை, பூவரசு, புன்னை. ஆற்று நீரைத் தடுத்துத் திறந்துவிடும் கதவணையான சட்ரஸுக்கு மேலே, நல்ல தண்ணீர் நிற்கும் பக்கம் மருது, புங்கன், நாவல். ஆற்றின் உட்சரிவில் மரம் வைத்தால் வெள்ளம் ஓடுவதற்குத் தடையாகும் என்று நீர்வளத் துறைப் பொறியாளர்கள் சொன்னதை ஏற்று வெளிச்சரிவில் மட்டும் வைத்தோம். கரையோர விவசாயிகள் நிழல் விழுந்தால் நெல் சோரும் என்றார்கள். அதுவும் உண்மைதான். வயலை ஒட்டிய இடங்களில் வெட்டிவேரும் தாழையும் போதும் என்று முடிவானது.

சட்ரஸைத் திறப்பதில்தான் இன்னும் தீர்வு வரவில்லை. கோடையில் உப்பு நீர் ஏறாமல் இருக்க அதை மூடித்தான் ஆக வேண்டும், விவசாயிகளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. காட்டுக்கோ, மழைக்காலத்தில் மொத்தமாக வரும் வெள்ளத்தைவிடப் பல வாரங்களுக்குச் சிறிது சிறிதாக வரும் தண்ணீர்தான் பயன் தரும். கடைமடைப் பாசனத்துக்குக் கணக்குப் போடும் கூட்டத்தில் காயலுக்கும் காட்டுக்கும் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும் என்று மனுக் கொடுத்திருக்கிறோம். இங்கே வரும் பூநாரைக்கும் கூழைக்கடாவுக்கும் மட்டுமல்ல, காயலில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கும் அந்தப் பங்கு வேண்டும்.

பராமரிப்புக்குப் பணம் கேட்பது தொடக்கத்துக்குக் கேட்பதைவிடக் கடினம் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இவ்வளவு சிறிய ஏற்றவற்றத்தில் வண்டல் விரைவாகப் படியும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது தூர்வார வேண்டும். வாய்முகம் அடைபட்டால் உள்ளே கன்றுகள் வளர்ந்த இடத்திலும் மறுபடி உப்பு தேங்கத் தொடங்கிவிடும். எனவே முதல் மதிப்பீட்டிலேயே தூர்வாரும் செலவையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் தெற்குக் கிளைகள் மூன்றில் இப்போது மண் ஏறியிருக்கிறது. அவற்றை வரும் பங்குனியில் வெட்ட ஆள் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.