மன்னிப்புக் கடிதத்தில் எழுதிய நேரம்

நான் தண்ணீர் கேன் போடுகிறவன். 20 லிட்டர் கேன். சொந்தமாக ஒரு குட்டி யானை லோடு வண்டி வைத்து நானே ஓட்டுகிறேன். எங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் வாரம் இரண்டு தடவை நான்கு கேன் இறக்குவேன். காசு ஒழுங்காக வந்துவிடும். 2024 செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை வரைக்கும் போலீசோடு எனக்கு இருந்த சங்காத்தம் அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஆறு மணி இருக்கும். பைபாஸிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில் ரோடு குறுகும். முன்னால் டவுன் பஸ், பின்னால் ஒரு வெள்ளைக் கார். விடாமல் ஹாரன். நான் லோடு வண்டி, ஒதுங்க இடமில்லை. பெட்ரோல் பங்க் வந்ததும் அந்தக் கார் என்னை முந்தி, ஒரே வெட்டாக வெட்டிக் குறுக்கே நின்றது. நான் அடித்த பிரேக்கில் மேலடுக்கிலிருந்த இரண்டு கேன் உருண்டு ரோட்டில் விழுந்து உடைந்தன. "ரோடு என்ன உங்கப்பன் ஊட்டுதா?" என்று முதலில் கத்தியது நான்தான். இதை மறைக்கவில்லை. அப்புறம் நடந்த எல்லா விசாரணையிலும் இதைக் கேட்டார்கள், எல்லா இடத்திலும் ஆமாம் என்றேன்.

இறங்கி வந்தவர் டீ-ஷர்ட்டும் ட்ராக் பேண்ட்டும் போட்டிருந்தார். "லைசென்ஸ எடுறா" என்றார்.

"நீங்க யாரு சார்?"

"யாருன்னு காட்டட்டா?" இடது காதோடு சேர்த்து ஓர் அறை. ஜன்னலுக்குள் கையை விட்டு வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். காதில் ஊய்ங் என்று ஒரு சத்தம், வேறொன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் காரின் டாஷ்போர்டில் கிடந்த தொப்பி கண்ணில் பட்டது. எங்கள் ஸ்டேஷனுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த எஸ்.ஐ. நான் கேன் இறக்கும் நேரத்தில் அவரைப் பார்த்ததே இல்லை.

ரோந்து வண்டி வந்து என்னை ஏற்றிப் போனது. போனை வாங்கி வைத்துக்கொண்டு, ரைட்டர் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். நான் இறக்கிய கேன் எனக்கு எதிரே ஸ்டாண்டில் இருந்தது. தண்ணீர் கேட்கத் தோன்றவில்லை. பணி செய்யவிடாமல் தடுத்ததாக ஒரு கேஸ், குடித்துவிட்டு ஓட்டியதாக ஒரு கேஸ் என்று எஸ்.ஐ. சொல்லிக்கொண்டிருந்தார். நான் பீடிகூடக் குடிக்காதவன். கடைசியில் ரைட்டர்தான் குனிந்து, "அண்ணா, எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க, நாளைக்கு வண்டியை எடுத்துக்கலாம்" என்றார். நல்ல மனுஷன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பொது இடத்தில் தகாத வார்த்தை பேசியது தவறு, இனி இப்படி நடக்க மாட்டேன், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சுயநினைவோடு எழுதிக் கொடுக்கிறேன். கையெழுத்துப் போட்டேன். கீழே தேதியும், அதன் பக்கத்தில் 'இரவு 9.10' என்றும் எழுதினேன். டெலிவரி ரசீதில் நேரம் எழுதி எழுதிக் கைக்கு வந்த பழக்கம். யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விட்டுத் தொலைங்க, தொழிலைப் பாக்கலாம்" என்றாள். நானும் விட்டிருப்பேன். காது மட்டும் விடவில்லை. தங்கை மகன் அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். போனில் அவன் சொன்ன ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்: "மாமா, நாளைக்கு வராதீங்க. இப்பவே வாங்க. ஏ.ஆர். போடணும்."

ஏ.ஆர். என்பது விபத்துப் பதிவேடு. அடிபட்டு வருகிறவர்களின் விவரத்தை அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பதிந்துகொள்ளும் நோட்டு. டூட்டி டாக்டர் சின்னப் பெண். யார் அடித்தது என்று கேட்டார். போலீஸ் என்றதும் பேனா நின்றுவிட்டது. "தவறி விழுந்தேன்னு போட்டுக்கலாமா அண்ணா?" என்றார். கோபப்பட எனக்குத் தெம்பில்லை. "என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றதை மட்டும் எழுதுங்கம்மா" என்றேன். தெரிந்த ஒரு நபர், கையால், இன்ன இடத்தில், இத்தனை மணிக்கு. இரவு 11.40-க்குப் பதிவானது. மறுநாள் காது டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுச் செவிப்பறையில் சின்ன ஓட்டை என்றார். தானாக மூடிக்கொண்டது, இரண்டு மாதம் ஆயிற்று.

மறுநாள் காலை பங்க்குக்கு ஓடினேன். முதலாளிக்கு நான்தான் தண்ணீர் போடுகிறேன். கேமரா பதிவு பத்துப் பன்னிரண்டு நாளில் அழிந்து அதன் மேலேயே புதிது ஏறிவிடுமாம். "நம்ம பேரு வெளிய வரக்கூடாதுங்க" என்று சொல்லிக்கொண்டே பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். போட்டுப் பார்த்தால், கார் குறுக்கே நிற்பது தெரிகிறது, கேன் உருள்வது தெரிகிறது, அவர் கை மேலே போவது தெரிகிறது. அறை விழுந்ததை என் வண்டியே மறைத்துக்கொண்டு நிற்கிறது. சத்தமும் கிடையாது.

2022 ஜூனில் கோயம்புத்தூரில் சாப்பாடு டெலிவரி செய்யும் ஒருவரைப் போக்குவரத்துக் காவலர் நடுரோட்டில் அடித்தார். யாரோ எடுத்த வீடியோ பரவி, காவலரைக் கைதே செய்தார்கள். என்னிடம் அப்படி ஒரு வீடியோ இல்லை. வீடியோ இல்லாதவனுக்குக் காகிதம்தான்.

அதற்காகத்தான் ஒரு வக்கீல் தம்பியைப் பிடித்தேன். மில் தொழிலாளர் கேஸ் பார்ப்பவர். என் கதையைப் பாதியில் நிறுத்தி, "அவர் உடுப்புல இருந்தாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப ரெண்டுல ஒண்ணுதான். டூட்டின்னா உடுப்பு எங்கே? மோட்டார் வாகனச் சட்டம் 130-வது பிரிவுல, உடுப்புல இருக்கற போலீஸ் கேட்டாத்தான் டிரைவர் லைசென்ஸ் காட்டணும்னு இருக்கு. டூட்டி இல்லைன்னா அவரும் உங்களை மாதிரி ரோட்டுல போற ஒரு டிரைவர். பணி செய்யவிடாம தடுத்தீங்கன்னு சொல்ல, முதல்ல அங்க ஒரு பணி இருக்கணும்ல?" எனக்குக் காதைவிட இது நன்றாக உறைத்தது.

ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனேன். எதிர்பார்த்ததுதான்: மனுவை வாங்கவில்லை, மனு வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் தரவில்லை. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வெறுமனே 'கையால் அடித்தார்' என்றால் அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2). மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதை விசாரிக்க முடியாது என்று நம்மைத் திருப்பி அனுப்பிவிடலாம். குறுக்கே நிறுத்தி வழிமறித்தது 126(2), ஸ்டேஷனில் போக விடாமல் உட்கார வைத்தது 127(2). இவற்றுக்கு அந்தச் சாக்கு செல்லாது. நான் முதலில் எழுதிப் போன மனுவில் அறையைப் பற்றித்தான் ஒரு பக்கம் இருந்தது. வக்கீல் அதை இரண்டு வரியாக்கி, சாவி, வழிமறிப்பு, மூன்று மணி நேரத் தரை ஆகியவற்றை முன்னால் கொண்டுவந்தார்.

அந்த மனு எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு போனது. அதே நாளில் இன்னொரு தபால்: அன்று மாலை 6 முதல் இரவு 10 வரை ஸ்டேஷன் கேமரா பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று ஒரே பத்தி. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைத்து 18 மாதப் பதிவைச் சேமிக்கச் சொன்னது. முடியாத இடத்தில் குறைந்தது ஒரு வருடம். அந்த வருடம்தான் சாத்தான்குளம் காவல் மரணங்கள் நடந்தன. அங்கே ஸ்டேஷன் கேமரா பதிவு தினம் தினம் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கையில் எழுதினார். எனக்கு வந்த பதில்: தொழில்நுட்பக் கோளாறு, பதிவு இல்லை.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டினால் போதும். "ஏன் அடித்தார், ஏன் உட்கார வைத்தார்கள்" என்று ஆவேசமாக எழுதி வைத்திருந்தேன். "ஏன்னு கேட்டா பதில் வராது. இருக்கற காகிதத்தோட நகலைக் கேளுங்க" என்றார் வக்கீல். எஸ்.ஐ.யின் விடுப்பு விவரம் கேட்டாலும் தனிப்பட்ட தகவல் என்று தட்டிவிடுவார்களாம். அதனால் இப்படிக் கேட்டோம்: அந்தத் தேதியில், மாலை 5 முதல் 7 வரை, அந்த இடத்தில் வாகனத் தணிக்கைக்கு யாரையாவது நியமித்திருந்தால் அந்த உத்தரவின் நகல். அன்று ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு அழைத்து வரப்பட்டவர்கள் பற்றிப் பொது நாட்குறிப்பில் உள்ள பதிவின் நகல். இருபத்தெட்டாவது நாள் பதில் வந்தது. தணிக்கைக்கு யாரும் நியமிக்கப்படவில்லை. அன்று யாரும் அழைத்து வரப்பட்டதாகப் பதிவு இல்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரம் நான் எங்கேயுமே இல்லை.

எஸ்.பி. அலுவலகத்திலிருந்து மனு டி.எஸ்.பி.க்குப் போனது. மூன்று முறை வரச் சொன்னார்கள், இரண்டு முறை ஆள் இல்லை. ஒவ்வொரு முறையும் ஐம்பது கேன் டெலிவரி போச்சு. டி.எஸ்.பி. மரியாதையாகத்தான் பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார். "அவரும் வருத்தப்படறாருங்க. உடைஞ்ச கேனுக்குக் காசு வாங்கிக்கங்க, சமாதானமாப் போயிரலாம்." கேனுக்குக் காசு வேண்டாம் சார், அடித்ததை எழுதுங்கள் என்றேன். வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து நீட்டினார்கள். வாசித்துப் பார்த்தால் 'அறைந்தார்' என்று நான் சொன்ன இடத்தில் 'வாய்த்தகராறு ஏற்பட்டது' என்று இருந்தது. திருத்தினால்தான் கையெழுத்து என்று சொல்ல நாக்கு உலர்ந்துவிட்டது. திருத்தினார்கள். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

எஸ்.ஐ. தன் விளக்கத்தில் என்ன கொடுத்தார் தெரியுமா? மனுதாரர் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டார், பிரச்சினை அன்றே முடிந்தது என்று எழுதி, என் கடிதத்தையே இணைத்திருந்தார். பின்னால் கோர்ட்டில் அதன் நகல் கிடைத்தபோது வக்கீல் தம்பி சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார். கடிதத்தின் அடியில் என் கிறுக்கல் எழுத்தில் தேதி, 'இரவு 9.10'. ஒரு கையில் அன்று யாரும் வரவே இல்லை என்ற தகவல் உரிமைப் பதில். இன்னொரு கையில் அன்று இரவு நான் எழுதிக் கொடுத்த கடிதம், அதை இணைத்துக் கொடுத்தவரே எஸ்.ஐ.

கோர்ட்டுக்குப் போனது, எஸ்.பி.க்கு எழுதியும் எஃப்.ஐ.ஆர். வராததால். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 175(3)-ன் கீழ் மனு, உறுதிமொழிப் பத்திரத்தோடு. அரசு ஊழியர் பணியின்போது செய்த காரியம் என்றால் 175(4)-ன்படி மேலதிகாரியின் அறிக்கையையும் அந்த ஊழியரின் தரப்பையும் பார்த்த பிறகுதான் விசாரணைக்கு உத்தரவிடலாம். அவர்கள் தரப்பில் பணி நிமித்தம் என்றார்கள். எங்கள் பக்கம் ஒரே கேள்வி: எந்தப் பணி? அறிக்கை, வாய்தா, மறுபடி அறிக்கை. ஏழு மாதம். கடைசியில் எஃப்.ஐ.ஆர். போட உத்தரவானது. வேறு சரகத்து அதிகாரி விசாரிக்கிறார். பங்க் பதிவுக்குப் புதிய சாட்சியச் சட்டம் 63-ன் கீழ் சான்றிதழ் வேண்டும் என்று பங்க் முதலாளியிடம் மறுபடி போனேன். ஒரு வாரம் என்னைப் பார்க்காமல் ஒளிந்தார், அப்புறம் அவரே கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கும் எழுதியிருக்கிறேன். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்ன பிறகு அங்கே எழுதுவதற்கு ஒரு கனம் வந்திருக்கிறது. மாவட்டப் போலீஸ் புகார் ஆணையம் என்றும் ஒன்று தமிழ்நாட்டின் 2013 போலீஸ் சீர்திருத்தச் சட்டத்தில் உண்டு. பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதியைத் தலைவராகப் போடச் சொன்னது. நம் சட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். அங்கே நான் போகவில்லை.

எஸ்.ஐ.யை இப்போது வேறு சரகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். 'அதான் மாத்திட்டாங்களே' என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். மாற்றல் தண்டனை இல்லை. அங்கேயும் ரோடு இருக்கிறது, அங்கேயும் யாராவது லோடு வண்டி ஓட்டுவான்.

சாவி மறுநாளே கிடைத்துவிட்டது, ரைட்டர்தான் கொடுத்தார். புகார் போன வாரமே ஸ்டேஷனில் இனி கேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு ஆள் போடுகிறான். என்னுடைய நான்கு காலிக் கேன் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. ஒன்றுக்கு 150 ரூபாய் டெபாசிட். போய்க் கேட்க வேண்டும்.